விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம்

"கைய நல்லா இறுக்கி மூடிக்குங்க ஐயா" என்றாள். மூடிக்கொண்டேன். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, இரண்டு விரல்களால் நரம்பைத் தட்டித் தட்டித் தேடினாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றில், இந்தப் பரிசோதனை நிலையத்தின் நாற்காலியில் வந்து உட்காருவது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். என் வீட்டுக்கு எதிரிலேயே இன்னொரு பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஆயினும் மூன்று தெருக்களைக் கடந்து இங்கேதான் வருகிறேன். இந்தப் பெண் ஊசி போட்டால் வலிப்பதில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

எதிர்ச் சுவரில் 'காலணிகளை கழட்டவும்' என்று நடுவிலுள்ள 'க்' என்ற ஒற்றை விழுங்கி எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், திருத்துவாரில்லை. அன்றும் சொன்னேன். நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே உள்ளறையிலிருந்த இளைஞன், "அக்கா, ஐயா ரத்தத்துல சர்க்கரையை மட்டும் பாருங்க. எழுத்துப் பிழையும் இருக்கான்னு பார்த்தா நமக்குத்தான் மயக்கம் வரும்" என்றான். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பவள்.

"ஐயா, எனக்கு ஒரு உதவி செய்யணும். என் பொண்ணு பதினொண்ணாவதுல ஹிஸ்டரிதான் எடுப்பேன்னு ரெண்டு வாரமா அடம் பிடிக்கறா. கணக்குல தொண்ணூத்தாறு, சயின்ஸ்ல தொண்ணூத்தெட்டு. அவங்கப்பாவைக் கேட்டா, லாரியில உட்கார்ந்துக்கிட்டு 'உங்க ரெண்டு பேர் பாடு'ன்னு போனை வச்சிடறாரு. நாளைக்கு நாலு மணிக்குள்ள ஃபார்ம் குடுக்கணும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேட்பா."

"நான் சொன்னா கேட்பாளா?"

"உங்க பேச்சுக்கு இந்த ஊர்ல மறுபேச்சு உண்டா?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வீட்ல ஒருத்தன் தன் இஷ்டத்துக்கு எடுத்து நாங்க பட்டதெல்லாம் போதும் ஐயா. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். ஊசி உள்ளே இறங்கியது.

எனக்குத் தெரியாததன்று. எனக்கு மட்டுமே தெரிந்தது.

அவளுடைய அண்ணன் என் மாணவன். முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் பதினேழாம் எண். நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் வகுப்பே அவனை ஏணி என்றது; நானும் அப்படித்தான் அழைத்தேன். வரலாற்றுப் பாடத்தில் அவன் கேட்கும் கேள்விகளை, அந்தப் பாடத்தின் ஆசிரியர் எங்கள் ஓய்வறையில் வேடிக்கையாகச் சொல்லுவார். "சண்டையில தோத்துப்போன சிப்பாயெல்லாம் எந்த வழியா சார் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க?" என்று கேட்டானாம். நாங்கள் தேநீர் சிந்தச் சிரித்தோம்.

அந்நாளில் எங்கள் பள்ளியில் ஒரு நடைமுறை இருந்தது. பதினோராம் வகுப்புக்கான விண்ணப்பத்தை மாணவன் வீட்டில் பென்சிலால் நிரப்பிக் கொண்டுவருவான். வகுப்பாசிரியர் அதைச் சரிபார்த்து, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்து, அதே இடத்தில் மையால் எழுதித் தருவார். அடித்தல் திருத்தல் இருந்தால் கல்வி அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. மை எழுத்தைப் படித்துப் பார்த்த பிறகே மாணவன் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. நாற்பத்திரண்டு பேரை மறுபடியும் வரிசையில் நிறுத்தச் சோம்பல்பட்டு, நான் கையொப்பத்தை முதலிலேயே வாங்கிவிடுவேன். என் கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மயக்கமும் உண்டு. பதினேழாவது விண்ணப்பத்தை எடுத்தபோது, ஏழாவது கட்டத்தில், 'விரும்பும் பாடப்பிரிவு' என்பதற்கு எதிரே, 'வரலாறு' என்று எழுதியிருந்தது. கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியவன் வரலாறு படிப்பதா? அன்று எனக்கு வந்த சினத்தை இன்றும் நினைவுகூர முடிகிறது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களை உட்காரவைப்பதற்கென்றே அந்தப் பிரிவை நடத்தினோம். மிதிவண்டிக் கொட்டகையை ஒட்டிய அறையை அதற்கு ஒதுக்கியிருந்தோம். மழை பெய்தால் மிதிவண்டிகளும் அந்த அறைக்குள்ளேதான் நிற்கும். ரப்பரை எடுத்து அழித்தேன். 'அறிவியல்' என்று எழுதினேன். அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிட்ட நிறைவோடு பதினெட்டாவது விண்ணப்பத்தை எடுத்தேன்.

பட்டியல் ஒட்டிய அன்று அவன் ஓய்வறை வாசலில் வந்து நின்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்டா. போய் வகுப்புல உட்காரு" என்றேன், நிமிராமலே. மறுவாரம் அவனுடைய தந்தை வந்தார். குடிநீர் நிலையத்தில் பம்பு இயக்குபவர், கையெல்லாம் மசகெண்ணெய். "வீட்ல ஹிஸ்டரி ஹிஸ்டரின்னு சொல்லிக்கிட்டிருந்தான் சார். இப்ப சயின்ஸ்னு போட்டிருக்காமே? இவனால முடியுமா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பையன், என் கால்களைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்பா சார்கிட்ட மாத்தச் சொன்னேன்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் அவனைக் கேட்கவில்லை. தந்தை என்னைச் சந்தேகப்பட்டதற்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் பெரிய மனத்தோடு மன்னித்தேன்.

ஓராண்டு கழித்து அவன் இரண்டு பாடங்களில் தோற்றான். "நீயா எடுத்துக்கிட்டது. நீயே அனுபவி" என்று தந்தை சொன்னாராம். அந்த வாரமே ஒரு பையோடு காலைப் பேருந்தில் ஏறினான் என்று நடத்துநர் சொன்னார். அத்தோடு சரி. ஒரு கடிதம் இல்லை. ஒரு தகவல் இல்லை. பெற்றவர்கள் இருவரும் வாசலைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தார்கள். அப்போது பதின்மூன்று வயதாயிருந்த தங்கைதான் இப்போது என் முழங்கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

இடையிலுள்ள ஆண்டுகளை நான் எப்படிக் கழித்தேன் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பதினாறாம் எண்ணை அழைத்துவிட்டு ஒரு கணம் நிற்பேன். ஒவ்வோராண்டும் பதினேழாம் எண்ணில் வேறொரு பிள்ளை. அவன் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லி வாய் மூடிய பின்னும் கடைசி வரிசையிலிருந்து இன்னொரு 'உள்ளேன் ஐயா' வரும். தலையை நிமிர்த்திப் பார்ப்பேன். கடைசி வரிசையில் யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். ஓய்வு பெற்றால் தீரும் என்று நினைத்தேன். வகுப்பறைதான் ஓய்ந்தது. இப்போது அவனுக்கு நாற்பத்தேழு வயது. நானே அவனுக்கு ஆண்டுதோறும் வயதேற்றி, முன்நெற்றி முடியை உதிர்த்து, கண்ணாடி போட்டுவிட்டு, பேருந்து நிலையத்தில் தேடுகிறேன். சென்ற ஆண்டு நெட்டையான ஒருவரை இரண்டு தெரு தூரம் பின்தொடர்ந்தேன். அவர் சட்டென்று திரும்பி, "யார் வேணும் பெரியவரே?" என்றார். திரும்பி நடந்தேன். ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அவன் தங்கையின் முன்னால் கையை நீட்டுவேன். அவள் என் முழங்கையை மடக்கி, "அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்பாள். அழுத்திப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவேன்.

மறுநாள் இரண்டரை மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். காற்றடிக்கும் எந்திரம் நிற்கும்போதெல்லாம் கீழேயிருந்து சுத்தியல் ஒலி வந்தது. முன்னறையில் தெருவைப் பார்த்த சன்னல், இரண்டு நாற்காலிகள், மடக்கு மேசை. மேசைமேல் நிரப்பாத விண்ணப்பம் ஒன்று மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி ஓர் அகராதியின் கீழே செருகியிருந்தது. சமையலறைக் கதவைத் தலை குனிந்து கடந்து ஒரு பெண் வந்தாள். பதினாறு வயதுக்கு அந்த உயரம் அதிகம். யாரும் சொல்வதற்கு முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன்.

"குட்டிம்மா, ஐயா வந்திருக்காங்க. என்கிட்ட அளந்தியே, அந்த நியாயத்தையெல்லாம் இவங்ககிட்ட சொல்லு பார்ப்போம்" என்றாள் தாய்.

"வணக்கம் ஐயா. என் மனசை மாத்தத்தானே அம்மா உங்களை வரச் சொன்னாங்க?"

"பார்த்தீங்களா வாயை? இது வாயா, வாய்க்காலா?"

"எதுக்கும்மா வரலாறு?" என்றேன். கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

"ஒரு விஷயம் நிஜமா எப்படி நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு ஐயா. எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க, தேடிப் பார்த்தா வேற ஒண்ணு இருக்கும்."

"நடந்ததைத் தோண்டி எடுத்து என்னடி பண்ணப் போறே? நடக்கப் போறதைப் பாரு" என்ற தாய், "பால் பொங்கிடும்" என்று உள்ளே போனாள்.

அவள் போனதும் பெண் தன் குறிப்பேட்டைத் திறந்தாள். கண்ணாடித்தாள் உறைக்குள் பழுப்பேறிய ஒரு தாள். வலப்புற ஓரம் பாதி அரிக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். தன் கையெழுத்தைத் தெரிந்துகொள்ள யாருக்கும் மூக்குக்கண்ணாடி தேவையில்லை.

"ஸ்கூல் ரெக்கார்டு ரூம்ல கரையான் வந்துடுச்சு. பழைய பேப்பர் கட்டையெல்லாம் வெளிய தூக்கிப் போட எங்களைக் கூப்பிட்டாங்க. மாமா படிச்ச வருஷம் கண்ணுல பட்டுச்சு."

"பள்ளி ஆவணத்தை வெளியே கொண்டுவர்றது குற்றம். தெரியுமா உனக்கு?" என்றேன். என் குரல் எனக்கே நாராசமாக ஒலித்தது.

"எரிக்கறதுக்குன்னு குவிச்சதுல கிடந்துச்சு ஐயா. கரையான் தின்னா குற்றமில்ல, நான் எடுத்தா மட்டும் குற்றமா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாதாடுகிறவளின் முகமாக அது இல்லை. கணக்கு ஒன்று இடிக்கிறது என்று காட்ட வந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

"கையெழுத்து மட்டும்தான் மாமாவோடது. மத்ததெல்லாம் உங்க எழுத்து. ஸ்கூல் ஹால்ல முதல் மார்க் வாங்கினவங்க பேரை நீங்க எழுதின பலகையில இதே 'றி'தான் இருக்கு. அது பரவாயில்ல, அப்பல்லாம் வாத்தியாருங்கதான் எழுதுவாங்கன்னு கிளார்க் சொன்னாரு. ஆனா இங்க பாருங்க." தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். 'அறிவியல்' என்ற கறுப்பு எழுத்துகளுக்கு அடியில், மையில்லாத பள்ளமாக, ஒரு 'வ'வும் கடைசியில் ஒரு 'று'வும் எழுந்து நின்றன. அழுத்தி எழுதும் வழக்கம் அவனுக்கு. "பென்சில் தடம். அப்புறம் இது. கட்டத்துக்குக் கீழே மாமா கையெழுத்து ஊதா மையில இருக்கில்ல? அதோட சுழி மேல உங்க எழுத்து ஏறி உட்கார்ந்திருக்கு. அப்ப அவரு முதல்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்க அப்புறம்தான் எழுதியிருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாமாவே மாத்தச் சொன்னாருன்னு அம்மா சொல்றாங்க. அது ஒரு சாட்சி. இந்தத் தாள் ஒரு சாட்சி. ரெண்டும் ஒத்துப் போகல. என்ன நடந்துச்சு ஐயா?"

"அம்மாகிட்ட காட்டினியா?"

"இல்ல. நான் தப்பா நினைச்சிருந்தா? உங்களைக் கேட்காம எப்படிச் சொல்றது?"

இந்த ஒரு வாக்கியம் என் வாழ்நாளில் நான் வாங்கிய அடிகளிலெல்லாம் பெரியது. இத்தனை சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பெண் என்னைக் கேட்கிறாள். நாற்பது வயதில் நான், எதிரே நின்றவனைக் கேட்கவில்லை. கேட்பதற்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

பொய் ஆயத்தமாக இருந்தது. 'அவன்தாம்மா மாத்தச் சொன்னான்' என்ற மூன்று சொற்கள். எனக்காக அவனே செய்து கொடுத்துவிட்டுப் போன பொய். முப்பத்தோராண்டுகளாகத் துருப்பிடிக்காமல் என்னிடமே இருக்கிறது. அதை எடுத்து நீட்டினால் இந்தப் பெண் நம்புவாள். பெரியவர் வாயால் வந்த சாட்சி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். மூன்றே முக்காலுக்குள் 'அறிவியல்' என்று தன் கையாலேயே நிரப்புவாள். தாய் நிம்மதியடைவாள். அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையும் எனக்கு வலிக்காமல் ஊசி இறங்கும்.

தாய் மூன்று தம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "என்ன, மண்டையில ஏதாச்சும் ஏறிச்சா?" என்று மகளிடம் கேட்டவள், மேசைமேல் இருந்த பழுப்புத் தாளைப் பார்த்தாள்.

"உட்காரும்மா" என்றேன்.

"இது என்ன ஐயா?"

"உன் அண்ணனோட விண்ணப்பம். அவன் வரலாறுன்னுதான் எழுதியிருந்தான். நான் அழிச்சிட்டு அறிவியல்னு எழுதினேன். அவனைக் கேட்கல."

அவள் உட்காரவில்லை. தட்டு கையிலேயே இருந்தது. கீழே காற்றடிக்கும் எந்திரம் நின்றது. இரண்டு முறை சுத்தியல் விழுந்தது.

"அப்பாகிட்ட அவனே சொன்னானே. நான்தான் மாத்தச் சொன்னேன்னு."

"சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நின்னு?"

"பேசாம நின்னேன்."

மகள் எழுந்து தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். தாய் தாளைத் தூக்கி, சற்று முன் மகள் செய்ததைப் போலவே வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். நரம்பு தேடிப் பழகிய விரல் அந்தப் பள்ளத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. உதடுகள் அசைந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"முப்பது வருஷமா அவனை நான் பேசாத பேச்சில்ல" என்றாள், தாளிடம். "திமிர் பிடிச்சவன், பெத்தவங்களைக் கொன்னவன்னு. இவ பிறந்தப்ப, மாமன்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்லக்கூட எனக்குப் பிடிக்கல. அவன் எடுத்துக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். அவள் அழவில்லை. மகள்தான் வெளிறிப் போயிருந்தாள். சற்று முன் ஊதா மையையும் கறுப்பு மையையும் பிரித்துக் காட்டிய விரல்கள் குறிப்பேட்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

"நான் இதை எடுத்திருக்கக் கூடாதோ அம்மா?"

தாய் அகராதியை நகர்த்தி, நிரப்பாத விண்ணப்பத்தை எடுத்து மகளிடம் நீட்டினாள். "மூணே கால் ஆச்சு. கிளம்பு."

"என்னன்னு எழுத?"

"என்கிட்ட கேட்காதே. என்ன எழுதப் போறேன்னு இப்பச் சொல்லவும் சொல்லாதே. எழுதிக் குடுத்துட்டு வந்து சொல்லு."

"எனக்கு இப்பத் தெரியலம்மா. காலையில வரைக்கும் தெரிஞ்சுச்சு. இப்ப..." அவள் பழுப்புத் தாளைப் பார்த்தாள், பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தாள்தான்மா எடுத்தேன். நீ இப்படி நிக்கறே. அங்க ரூம் நிறைய இருக்கு."

"போற வழியில யோசி. யாரையும் கேட்காதே. இவங்களைக் கேட்கவே கேட்காதே."

படியிறங்கும் ஓசை கேட்டது. மிதிவண்டியை உருட்டும் ஓசை கேட்டது. நானும் எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றாள். ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக, வாக்கியத்தின் முடிவில் 'ஐயா' இல்லை. உட்கார்ந்தேன்.

"ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான்னு அப்ப அவன் கூட்டாளிங்க சொன்னாங்க. நிஜமா?"

"நிஜம்."

"எவ்வளவு நேரம் நின்னான்?"

"தெரியல. நான் நிமிர்ந்து பார்க்கல."

"மணி அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சு. ஒரு தடவை. அப்புறமும் நின்னானா, அதோட போயிட்டானான்னு..."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

யோசித்தேன். விடைத்தாள் நினைவிருக்கிறது, அதில் நான் சுழித்த பிழைகள்கூட நினைவிருக்கின்றன. வாசலில் விழுந்திருந்த நீண்ட நிழல் எப்போது விலகியது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவள் காத்திருந்தாள். சன்னல் வழியே தெருமுனை தெரிந்தது. இடப்புறம் திரும்பினால் பள்ளி. பெண் அங்கே மிதிவண்டியை நிறுத்தியிருந்தாள். ஒரு கால் தரையில், மற்றது மிதிகட்டையில். முன்கூடையில் வெள்ளையாக அந்த விண்ணப்பம். பின்னால் வந்த வண்டிகள் ஒலியெழுப்பின. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு இருபுறமும் போயின. தாயும் சன்னலருகே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கூடையிலிருந்த தாள் காற்றில் எழும்பியது. பெண் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தாள். திரும்பவுமில்லை, ஏறி மிதிக்கவுமில்லை. வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.